12 கிராம் குருவியும் இரவு விருந்தாளியும்

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்தில் உள்ள ஆவூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முன்னால் திண்ணை. திண்ணைக்கு மேல், ஓட்டுச் சரிவின் கீழ், ஒரு கம்பிக் கூண்டு தொங்குகிறது. அதில் இரண்டு ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. மார்பில் வரிக்குதிரையை நினைவூட்டும் மெல்லிய கோடுகள். கூண்டின் மூலையில் கட்டியிருக்கும் சிறு மண் கலயம்தான் அவை முட்டையிடும் கூடு. கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழிகள். இரவில் அவற்றைக் கவிழ்த்து மூட ஒரு பஞ்சாரம். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே சிட்டுக்குருவி ஒன்று வைக்கோல் துணுக்குகளைத் திணித்து வைத்திருக்கிறது. இத்தனை பேரும் ஒரே கூரையை அண்டி வாழ்கிறார்கள்.

இதே வீட்டில், யாரும் அழைக்காமல், இன்னொரு பெருங்குடும்பமும் குடியிருக்கக்கூடும். பகலில் அதைப் பார்க்க முடியாது. கூண்டுக் குருவிகள் காரணம் தெரியாமல் மெலிந்து சாவதற்குப் பல வேளைகளில் அந்தக் குடும்பமே காரணம். அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவனுக்குக் குருவிக் கூண்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பரப்பளவு, கனஅளவு, வெப்பம் கடத்துதல், குழாயில் காற்றோட்டம் ஆகியவை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகக் கேட்கப்படுகின்றன. இங்கே இவை ஓர் உயிரின் கணக்கில் வந்து நிற்கின்றன.

எந்தக் குருவியை வளர்க்கலாம்?

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். வயலில் கதிர் முற்றும் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் சிறு பறவைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குச் சில்லை என்று பெயர். தினைக்குருவி என்றும் சொல்வதுண்டு. புள்ளிச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை என்று அவற்றில் பல வகை. ஜீப்ரா ஃபிஞ்சும் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சில்லைகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளின் வணிகத்துக்குக் கதவடைத்துவிட்டன. 2022இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்ட பின்பும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சந்தையில் யாரேனும் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும் குருவியை மலிவு விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். பிடித்த சில்லைக்குச் சாயம் பூசி விற்பது பழைய தந்திரம்.

வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த அயல்நாட்டு இனங்கள். ஜீப்ரா ஃபிஞ்சின் தாயகம் ஆஸ்திரேலியா. பெங்காலீஸ் ஃபிஞ்ச் என்று விற்கப்படுவதற்கும் வங்காளத்துக்கும் சம்பந்தமில்லை. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன், கிழக்காசியாவின் வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானியர் வளர்த்தெடுத்த வீட்டுப் பறவை அது. நம் ஊர் வெண்முதுகுச் சில்லைக்கு அது நெருங்கிய சொந்தம்! ஜாவாக் குருவி போல, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ரா ஃபிஞ்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே அதையே நம் எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம்.

சிறியதாக இருப்பதன் விலை

ஒரு ஜீப்ரா ஃபிஞ்சின் எடை சுமார் 12 கிராம். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

பக்கம் 2 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 24 சதுர செ.மீ.; கனஅளவு 8 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 3 சதுர செ.மீ. மேற்பரப்பு. பக்கத்தை 1 செ.மீ. ஆகக் குறையுங்கள். மேற்பரப்பு 6, கனஅளவு 1. இப்போது ஒரு கன செ.மீ.க்கு 6 சதுர செ.மீ. பொருள் சிறுக்கச் சிறுக்க, அதன் அளவுக்கு மேற்பரப்பு மிகுந்து கொண்டே போகிறது. வெப்பம் வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியாக.

60 கிலோ எடையுள்ள மனிதன் 12 கிராம் குருவியைப் போல 5,000 மடங்கு கனமானவன். 5,000த்தின் கனமூலம் சுமார் 17. இருவருக்கும் ஒரே வடிவம் என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குருவிக்கு உள்ள தோற்பரப்பு நம்மைப் போல் 17 மடங்கு. குருவி மனித வடிவில் இல்லைதான். என்றாலும் கணக்கு காட்டும் திசை சரியானது. இந்தப் பரப்பின் வழியே ஓயாமல் வெப்பத்தை இழந்து கொண்டே, தன் உடலை 41 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அது நாள் முழுதும் கொறித்துக் கொண்டிருக்கிறது. தினமும் ஏறக்குறைய 3 கிராம் தானியம், அதாவது தன் எடையில் கால் பங்கு! அந்த விகிதத்தில் நாம் சாப்பிடுவதானால் நாளொன்றுக்கு 15 கிலோ அரிசி வேண்டும். ரேஷன் அட்டை தாங்காது.

சேமிப்பு இல்லாத குடும்பத்தில் ஒருநாள் கூலி போனாலும் அடுப்பு எரியாது அல்லவா? குருவியின் உடலும் அப்படித்தான் நடக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒரு திருடன் புகுந்தால் என்ன ஆகும்?

இரவு விருந்தாளி

அந்தத் திருடனின் அறிவியல் பெயர் டெர்மானிசஸ் காலினே. தமிழில் சிவப்புச் சிற்றுண்ணி எனலாம். (சிற்றுண்டி என்று படித்துவிடாதீர்கள், அதற்கு உங்கள் குருவிதான் சிற்றுண்டி.) கோழி வளர்ப்போர் பேன் என்றும் செள்ளு என்றும் பொதுவாகச் சொல்லிவிடும் கூட்டத்தில் இதுவும் ஒன்று. உண்மையில் இது பூச்சியே அன்று. எட்டுக் கால் உடைய, சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த உயிர். நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறம். இரத்தம் குடித்ததும் சிவப்பு.

இதன் வாழ்க்கை முறைதான் கவனிக்க வேண்டியது. இது பறவையின் மேல் வாழ்வதில்லை. பகல் முழுவதும் கூண்டின் இடுக்குகளில், உட்காரும் குச்சியின் முனையில், கலயத்தின் அடியில், சுவர் விரிசலில் பதுங்கியிருக்கும். இருட்டியதும் குச்சி வழியாக ஊர்ந்து, உறங்கும் பறவையின் மேல் ஏறி, இரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். அங்கேயே முட்டையிடும். வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணி வரை ஒரு சுற்று முடிய 7 முதல் 10 நாள் போதும். பகலில் குருவியைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்திப்பட்டு விடுகிறோம். வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று தெருவில் தேடுவது போன்றது இது.

காட்டில் இருக்கும் குருவிக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. குஞ்சுகள் பறந்ததும் அது கூட்டை விட்டுப் போய்விடும். நேற்று உறங்கிய கிளைக்கு இன்று வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூட்டில் எஞ்சிய உண்ணிகள் பட்டினி கிடக்கும். ஆனால் கூண்டுக் குருவி ஒவ்வொரு இரவும் அதே குச்சிக்கு, அதே கலயத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கதவைப் பூட்டியது நாம். ஆகவே பறந்து போவதன் மூலம் அது தானே செய்து கொண்டிருக்கக்கூடிய காரியத்தை, கூண்டை வைத்திருப்பவர் அதற்காகச் செய்து தர வேண்டியிருக்கிறது.

எவ்வளவு இரத்தம் போகும்? ஓர் உண்ணி ஒரு வேளைக்குக் குடிப்பது சுமார் 0.2 மில்லிகிராம், அற்பம்தான். குருவியின் உடலில் உள்ள இரத்தமோ அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 கிராம். இருபத்து நாலு சொட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். 500 உண்ணிகள் ஒரே இரவில் வந்தால் 100 மில்லிகிராம், மொத்த இரத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 5 லிட்டர் இரத்தம் உள்ள நமக்கு அது 400 மில்லிலிட்டருக்கும் மேல். இரத்த தானத்தில் வழக்கமாக எடுப்பது 350 மில்லிலிட்டர். கொடுத்தவர் அடுத்த முறை கொடுக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். உண்ணிகளோ சில நாளுக்கு ஒருமுறை கேட்கும்.

500 என்பது மிகைப்படுத்திய எண் என்று தோன்றினால், இன்னொரு கணக்குப் போடுங்கள். முட்டையிட்டது முதல் குஞ்சு கூட்டை விட்டு வெளிவரும் வரை ஜீப்ரா ஃபிஞ்சுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகிறது. அதற்குள் உண்ணிக்கு நான்கு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஐந்து மடங்காவதாகக் கணக்கிற்காக எடுத்துக் கொள்வோம். இரண்டு உண்ணி 10 ஆகும். பிறகு 50, 250, முடிவில் 1,250. இறகு முளைக்காத, எழுந்து நகரத் தெரியாத குஞ்சுகள் கலயத்துக்குள் கிடக்கின்றன. நேற்று மாலை வாயைத் திறந்து இரை கேட்ட குஞ்சு காலையில் வெளிறிச் செத்துக் கிடப்பதும், தாய்ப் பறவை முட்டைகளை விட்டு இரவில் வெளியே வந்து உட்கார்ந்து கொள்வதும் இதனால்தான் நேர்கின்றன. 'இந்தச் சோடிக்குக் குஞ்சு வளர்க்கத் தெரியவில்லை' என்று பறவையின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. கலயத்தைத் தூக்கி அடியைப் பார்த்த பிறகு பழி போடட்டும்.

கண்டுபிடிப்பது எளிது. இரவில் கூண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். காற்றுப் போக இடம் விடுங்கள். விடியற்காலையில் எடுத்து மடிப்புகளை உற்றுப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் விருந்தாளி வந்திருக்கிறார். அல்லது இருட்டிய இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்குடன் போய்க் குச்சியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் குச்சி முனையைத் தட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

வெப்பமானியும் கொதிநீரும்

சிவப்புச் சிற்றுண்ணியால் 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்க முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் இரும்புத் தகட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டதும் மகிழ்ச்சி வரும். குருவிகளை வேறொரு கூண்டுக்கு மாற்றிவிட்டு, வெறுங்கூண்டை நடுப்பகலில் வெயிலில் வையுங்கள். இரும்பு வெப்பத்தை நன்கு கடத்துவதால் மூட்டுகளுக்குள்ளும் சூடு ஏறும். ஒரு வெப்பமானியைத் தட்டின் மேல் படுக்க வைத்துப் பார்த்தால் நீங்களே அளந்து கொள்ளலாம். பகல் முழுவதும் ஒரே பக்கம் படாமல் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

மரக்கூண்டுக்கும் மூங்கில் கூண்டுக்கும் இந்த வழி போதாது. மரம் அரிதிற் கடத்தி. மேற்புறம் சுடும்போது உள் விரிசல் இதமாகவே இருக்கும். உண்ணியும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து கொள்ளும். இடுக்குகளில் கொதிநீரை ஊற்றத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், இடுக்கு இல்லாத பற்றுவைத்த கம்பிக் கூண்டே மேல். உட்காரும் குச்சியைச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம். மாதம் ஒருமுறை எறிந்துவிட்டு, மருந்து தெளிக்காத வேப்ப மரத்திலிருந்தோ கொய்யா மரத்திலிருந்தோ புதுக் கிளை ஒடித்து வையுங்கள். மண் கலயம் நமக்குக் கிடைத்த நல்ல பொருள். ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சுகளும் பறந்த பிறகு உள்ளே இருக்கும் நாரையும் புல்லையும் எரித்துவிட்டு, கலயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து வெயிலில் காய வைத்தால் போதும். மரப்பெட்டிக் கூட்டை அப்படிக் கொதிக்க வைக்க முடியுமா?

சுத்தம் செய்தது ஒரு முறையோடு நின்றால் பயனில்லை. தப்பிய முட்டைகள் பொரிந்து, குஞ்சு உண்ணிகள் வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் அடுத்த அடி விழ வேண்டும். சுற்று 7 நாளில் முடியலாம் என்றோம் அல்லவா? ஆகவே 5 அல்லது 6 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து நான்கு தடவை. கூண்டு தொங்கும் சுவரின் விரிசல்களைச் சுண்ணாம்பால் பூசி அடைத்துவிடுங்கள்.

நம் ஆவூர் வீட்டைத் திரும்பப் பாருங்கள். உண்ணி எங்கிருந்து வந்தது? பஞ்சாரத்திலிருந்து, அல்லது ஓட்டடியில் உள்ள சிட்டுக்குருவிக் கூட்டிலிருந்து. சிட்டுக்குருவியை விரட்டச் சொல்லவில்லை. நம் கூண்டை அந்த ஓட்டடியிலிருந்து நகர்த்தலாமே. கூண்டை ஒரு தாங்கியின் மேல் நிறுத்தி, பால் பாத்திரத்துக்கு எறும்பு ஏறாமல் செய்வது போல அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தால், ஊர்ந்து வரும் வழி அடைபடும். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றாவிட்டால் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும். கோழிகளுக்குத் தீனி வைத்த கையோடு கூண்டைத் தொடாதீர்கள். யாரோ பயன்படுத்தி ஒதுக்கிய பழைய கூண்டை வாங்கினால், அது எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று கேட்டுப் பயனில்லை. இந்த உண்ணி பல மாதம் உணவின்றி உயிரோடு இருக்கும். பறவை கிடைக்காவிட்டால் மனிதரையும் கடித்து அரிப்பு உண்டாக்கும்.

மூச்சுக்குழாயில் ஒரு குடியேற்றம்

இன்னொரு சிற்றுண்ணி, ஸ்டெர்னோஸ்டோமா ட்ராக்கியாகோலம், இதற்கு நேர்மாறு. வெளியே தங்குவதில்லை, பறவையின் மூச்சுக்குழாயிலும் காற்றுப் பைகளிலும் வாழ்கிறது. பல நிறம் கொண்ட கோல்டியன் ஃபிஞ்சுக்கு இது அதிகம் வரும். மற்ற ஃபிஞ்சுகளுக்கும் கானரிகளுக்கும் வரலாம். தாய் தன் வாயிலிருந்து குஞ்சுக்கு இரை ஊட்டும்போதே தொற்றிவிடுகிறது. பாடிக்கொண்டிருந்த ஆண் பாட்டை நிறுத்திவிடும். அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். காதருகே வைத்துக் கேட்டால் 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி.

இவ்வளவு சிறிய உயிர் மூச்சை எப்படித் திணறடிக்கிறது? ஒரு குழாயில் அமைதியாக ஓடும் காற்றின் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் கண்ட இந்த விதியைக் கல்லூரியில் படிப்பீர்கள். குழாயின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 0.8 மடங்காகிறது என்று வையுங்கள். 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. காற்றோட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது! நமது மூச்சுக்குழாயின் உள்விட்டம் ஒன்றரை செ.மீ. அளவு, அதில் ஒரு மணல் துகள் ஒட்டினால் தெரியப் போவதில்லை. குருவியின் குழாயோ மில்லிமீட்டர் கணக்கில் உள்ளது. அங்கே சில உண்ணிகளும் அவற்றால் சுரக்கும் சளியும் போதும்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையானது. காற்றுப் பைகள் துருத்தி போல் இயங்க, நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் செல்கிறது. காற்றிலிருந்து உயிர்வளியை நன்றாக உறிஞ்சும் அந்த அமைப்பு, காற்றில் உள்ள நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். ஆகவே கூண்டுக்கு அருகில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதும், பூச்சி மருந்து அடிப்பதும், பாச்சை உருண்டை போடுவதும், கம்பியில் மண்ணெண்ணெய் தடவுவதும் உண்ணிக்கு முன் குருவியைக் கொல்லக்கூடிய வேலைகள். வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டு அதை மட்டும் நம்பியிருப்பதும் வேண்டாம்.

ஒரு சொட்டு மருந்து

மூச்சுக்குழாயில் குடியேறிய உண்ணியை வெயிலாலும் கொதிநீராலும் விரட்ட முடியாது; மருந்து வேண்டும். இதற்குக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவதில் முக்கியமானது ஐவர்மெக்டின். ஜப்பானில் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து இதன் மூலப்பொருள் கிடைத்தது. அந்த வேலைக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். நல்ல மருந்துதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்துள்ளது. அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு 60 மில்லிகிராம், அதாவது 6 மில்லிலிட்டர். இதே விகிதத்தில் 12 கிராம் குருவிக்கு எவ்வளவு? 0.0024 மில்லிகிராம். மாட்டுக்கு வாங்கிய குப்பியில் மிச்சம் இருக்கிறது. 'குருவிக்கு ஒரே ஒரு சொட்டு வைத்தால் என்ன?' என்று தோன்றும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. ஒரு சொட்டில் 0.5 மில்லிகிராம் மருந்து. 0.5ஐ 0.0024ஆல் வகுத்துப் பாருங்கள்: 200 மடங்குக்கும் அதிகம்! ஒரு மாத்திரை சாப்பிட வேண்டியவருக்கு 200 மாத்திரை கொடுப்பது இது. 'ஒரு சொட்டுத்தானே' என்ற சொல்லைக் குருவியின் விஷயத்தில் மறந்துவிடுங்கள்.

குடிநீரில் கலந்து வைப்பதும், எவ்வளவு உள்ளே போனது என்று சொல்ல முடியாத வழி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் பிறந்த ஜீப்ரா ஃபிஞ்ச் தண்ணீர் இல்லாமல் நெடுநாள் தாங்க வல்லது. சுவை மாறினால் குடிக்காமலே இருந்துவிடும். (அதற்காக நம் ஊர்க் கோடையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலியாக விடலாகாது.) மருந்தை நீர்த்து, பறவையின் எடைக்கு அளந்து, கழுத்துத் தோலிலோ வாயிலோ விடுவது கால்நடை மருத்துவரின் வேலை. புதுக்கோட்டைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டோடும் ஆட்டோடும் வரிசையில் ஒரு சிறு கூண்டைத் தூக்கிக் கொண்டு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற சிலர்

இறகுப் பேன் பறவையின் மேலேயே வாழ்ந்து இறகைத் தின்கிறது. தினமும் ஒரு தட்டத்தில் குளிக்கத் தண்ணீர் வைத்து, காலை வெயில் படச் செய்தால் பறவையே பெரும்பாலும் அலகால் கோதி அதைச் சமாளித்துக் கொள்ளும். அலகிலும் காலிலும் சுண்ணாம்பு பொரிந்தாற்போல் படை படிந்தால் அது வேறொரு சிற்றுண்ணியின் வேலை; சுரண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி எச்சத்தின் வழியே பரவுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எச்சத்தோடு புதிதாக வெளியேறும் அதன் முட்டை போன்ற கூடு அப்போதே தொற்றாது. ஈரமும் காற்றும் இதமான சூடும் கிடைத்து முதிர ஒன்றிரண்டு நாள் வேண்டும். ஆகவே கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாளை விரித்து, தினமும் காலையில் மாற்றிவிட்டால், அது முதிர்வதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறவர், பெரும்பாடு பட்டும் ஒரு நாள் தாமதமாக வருகிறவர். தண்ணீர்க் கிண்ணம் குச்சிக்கு நேர் கீழே இருக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு கிண்ணங்களோடு வையுங்கள். கடைக்காரரின் உத்தரவாதம் உண்ணிக்குத் தெரியாது.

நோய் வந்ததை எப்படி அறிவது?

சிறு பறவைகள் நோயை மறைக்கும். துவண்டு காட்டினால் பருந்தின் கண்ணில் முதலில் படும் என்பது அவற்றின் பரம்பரைப் பாடம். நாம் கண்டுகொள்ளும்போது நோய் முற்றியிருக்கும். முதலில் தெரிவது, பகலிலேயே இறகைச் சிலிர்த்துப் பந்து போல் உட்கார்ந்திருப்பது. காற்று அரிதிற் கடத்தி. இறகுகளுக்கு இடையே காற்றைச் சிறைப்படுத்தி வெப்ப இழப்பைக் குறைக்கப் பார்க்கிறது. எரிபொருள் தீர்ந்து வருகிறது என்பதற்கு அது அடையாளம். அப்போது செய்ய வேண்டிய முதலுதவி சூடு. சிறு கூண்டில் தனியாக வைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் வெளியிலிருந்து 40 வாட் பழைய குண்டு பல்பை எரிய விடுங்கள். அந்தப் பக்கம் 30 டிகிரி அளவு போதும்; மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால் வேண்டிய இடத்தைப் பறவையே தேர்ந்து கொள்ளும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது என்று நாம் ஒதுக்கிய குண்டு பல்பின் குறையே இங்கே அதன் தகுதி. வெளியில் 38 டிகிரி அடிக்கும் கோடையில் பல்பும் வேண்டாம், நிழலும் தண்ணீரும்தான் வேண்டும்.

இறகு சிலிர்ப்பதற்கும் முன்பே நோயைக் காட்டும் கருவி தராசு. இறகுக்குள் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 12 கிராம் குருவி 10 கிராம் ஆனால், 60 கிலோ மனிதர் 50 கிலோ ஆனதற்குச் சமம். 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பள்ளி ஆய்வகத்தின் இயற்பியல் தராசை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப் பெட்டியின் எடையை முதலில் குறித்துக் கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்தால் குருவி அடங்கி உட்காரும். மென்மையாகப் பிடித்துப் பெட்டியில் விட்டு நிறுத்து, உடனே கூண்டில் விட்டுவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. வாரம் ஒருமுறை, காலையில் தீனி வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். எடையை ஒரு பக்கத்திலும், வெள்ளைத் துணியில் எண்ணிய சிவப்புப் புள்ளிகளை மறுபக்கத்திலும் குறித்து, இரண்டுக்கும் ஒரே வரைபடத்தாளில் கோடு வரையுங்கள். முதல் கொதிநீர் அடி விழுந்த நாளை அந்தத் தாளில் அம்புக்குறியிட்டுக் காட்ட மறக்காதீர்கள்.